தினகரன் பிளேன் விட்ட கதை

முடிச்சூர் தினகரன் வீட்டில் வண்டி ஓட்டுவதை யாரும் ஓட்டுவது என்று சொல்ல மாட்டார்கள். வண்டி விடறது என்பார்கள். அவன் அப்பா டிராக்டர் விட்டார். அண்ணன் வேன் விட்டான். தினகரன் பத்தொன்பது வருஷம் எலெக்ட்ரிக் ட்ரெயின் விட்டான். அதன் பிறகு ஆறு வாரம் பிளேன் விட்டான், அதுவும் போர் விமானம். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவன்.

என் பெயர் ஜமால். தினகரன் முன்னால் இருந்து ஓட்டும் வண்டியில் கடைசிப் பெட்டியில் நிற்கிற கார்டு நான். எங்களுக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மோட்டார்மேன் என்று கூப்பிட்ட டிரைவர்களுக்கு லோகோ பைலட். பெயர் மாறி என்ன, நான் இன்னமும் கொடியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டுதான் போகிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜனம் ஏறி இறங்கியதும் நான் ரெண்டு மணி அடிப்பேன். கிளம்பலாம் என்று அர்த்தம். அவன் பதிலுக்கு ரெண்டு அடித்துவிட்டு எடுப்பான். ஒரே வண்டியில் இருநூறு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு பத்தொன்பது வருஷம் நாங்கள் பேசிய பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஸ்டியரிங் கிடையாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எதிரே ஆள் நின்றால் ஹார்ன் அடிக்கலாம், பிரேக் போடலாம். ஒதுங்கிப் போக முடியாது. வண்டி ஓடுகிற வரைக்கும் ஒரு கைப்பிடியை இடது கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதையே முன்னால் தள்ளினால் வேகம் கூடும். ஓட்டுகிறவனுக்கு மயக்கம் வந்தால், மாரடைப்பு வந்தால் கை தளர்ந்துவிடும். கை தளர்ந்தால் எமர்ஜென்சி பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். டெட்மேன் என்று அதற்குப் பெயர். ஆனால் உயிரோடு இருக்கிறவனும் ஆபத்தில் முதலில் அதைத்தான் செய்வான். பொசுக்கென்று கையை எடுத்துவிடுவான். மூளைக்குச் சேதி போவதற்கு முன்னால் கை திறந்துவிடும். அப்படியும் வண்டி இருநூறு முந்நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

போன வருஷம் பிப்ரவரி மாதம், காலை நேரத்து வண்டி. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு பெண் தண்டவாளத்தைக் கடக்க வந்தாள். பக்கத்து லைனில் எக்ஸ்பிரஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று எங்கள் லைன் மேலேயே நின்றுவிட்டாள். தினகரன் ஹார்ன் அடித்தான். அதை எக்ஸ்பிரஸ் அடிக்கிற ஹார்ன் என்று நினைத்து எக்ஸ்பிரஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜனம் இப்படி நிற்பது எங்களுக்குப் பழகிய விஷயம், ஆனாலும் பழகித் தொலையாத விஷயம். தினகரன் கையை எடுத்தான். சரியான நேரத்தில்தான் எடுத்தான். நான் கடைசிப் பெட்டியில் முன்னால் போய் விழுந்தேன். வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்ப்பது கார்டு வேலை. அவன் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் கையிலிருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஜல்லியில் உருண்டு கிடந்தது. ஒரு நசுங்கல்கூட இல்லை. இதை நான் அவனிடம் சொல்லித் தொலைத்தேன்.

“பாக்ஸ்ல இன்னா இருந்துச்சு பாய்?” என்று கேட்டான்.

“நான் தொறந்து பாக்கல மச்சான்.”

“சூடா இருந்துச்சா?”

அதை ஜல்லியிலிருந்து எடுத்து வைத்தவன் நான். சூடாகத்தான் இருந்தது.

தினகரன் வண்டியில் அவள் ஒன்பதாவது ஆள். மற்ற எட்டுப் பேரை அவன் எப்படியோ செரித்திருந்தான். மூன்று நாள் லீவு, கோயில், கொஞ்சம் தூக்கமில்லாமை, திரும்ப டியூட்டி. ஒன்பதாவது செரிக்கவில்லை. எல்லோரும் அவனிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். விடு தினா. உன் தப்பா? விட்டுத் தள்ளு. மனசுலயே வச்சிக்கினு இருக்காத, விடு. நானும் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னேன்.

திரும்பி வந்த வாரமே அவன் கை தானாகத் திறக்க ஆரம்பித்தது. முதல் தடவை, பிளாட்பாரம் ஓரத்தில் ஒருவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தார். கை திறந்துவிட்டது. வண்டி பாதிப் பிளாட்பாரத்தில் குலுங்கி நின்றது. இரண்டாவது தடவை, வேலி ஓரமாக நின்ற ஒரு ஆள். மூன்றாவது தடவை அங்கே ஆளே இல்லை. கம்பத்தில் மாட்டியிருந்த ஒரு சிவப்புத் துணி. அன்றைக்கு லேடீஸ் பெட்டியில் ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

அதிகாரி நல்ல மனிதர். கத்தவில்லை. ஆறு வாரம் ஓய்வு, அப்புறம் மெடிக்கல், அதில் தேறினால் வண்டி, தேறாவிட்டால் ஆபீசில் வேலை என்றார். சம்பளம் பெரிதாகக் குறையாது என்றும் சொன்னார். தினகரனுக்குச் சம்பளம் காதிலேயே விழவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். “வண்டி விடறத விட்டா எனக்கு வேற இன்னா பாய் தெரியும்?” என்றான். “எங்கப்பனுக்கு நெலம் இருந்துச்சு, அத வித்தாரு. அண்ணனுக்கு வாய் கீது, பொழச்சிக்கினான். எனக்கு இந்தக் கை ஒண்ணுதான்.”

டீ கிளாஸை இடது கையில் பிடித்திருந்தான். கண்ணாடி உடைந்துவிடும் போல அவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருந்தான்.

இங்கேதான் பிளேன் வருகிறது. தினகரனுக்கு ஒரே மகள், தமிழினி. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. வெள்ளத்தில் கீழ்வீடு மூழ்கியதிலிருந்து அவர்கள் மாடியில்தான் குடியிருக்கிறார்கள். மாடியில் அவள் அறையில் ஒரு பெரிய வளைந்த திரை, முழங்காலுக்கு நடுவே ஒரு ஸ்டிக், இடது பக்கம் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், காலுக்கு இரண்டு பெடல். போர் விமானம் ஓட்டுகிற கேம். கேம் என்றால் அவளுக்குக் கோபம் வரும். சிமுலேட்டர் அங்கிள் என்று திருத்துவாள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போனால் சாப்பாட்டை விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுகிற பெண் அவள். கண்ணாடி போட்ட கண், விமானப்படைக்கு ஆகவில்லை. இப்படி ஆசையைத் தீர்த்துக்கொள்கிறாள்.

அப்பா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் முதல் வாரச் சனிக்கிழமையே அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். “நீங்கதான் ஏற்கெனவே பைலட் ஆச்சேப்பா. ஐடி கார்டுலயே போட்டிருக்காங்க.”

அன்றைக்கு நானும் இருந்தேன். தினகரன் மனைவி ஜெயஸ்ரீ வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓடுபாதையில் விமானம் நின்றது. த்ராட்டிலை முன்னால் தள்ளச் சொன்னாள் தமிழினி. தள்ளினான். நேராகப் போவதில் அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை, அதுதானே அவன் தொழில். மகள் சொன்ன வேகம் வந்ததும் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தான். தரை கீழே போனது.

“ஏறுதுடீ!” என்றான். அந்தச் சிரிப்பை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு எச்சரிக்கைச் சத்தம் அலறியது. எதிரி விமானம் குறி வைத்துவிட்டது என்று அர்த்தமாம். சத்தம் கேட்ட அந்தக் கணமே தினகரன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“அப்பா, பிடிங்க! ஏன் விட்டீங்க?”

“இரு, நிக்கும்.”

“இது நிக்காதுப்பா!”

நிற்கவில்லை. மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மோட்டார்மேனைக் கொண்டுபோய் பிளேனில் உட்கார வைத்தால் ஆகாசத்தில் பிரேக் தேடுவான் என்று கிண்டலும் செய்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறையலாம்.

அவன் சிரிக்கவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இங்க கைய எடுத்தா ஒண்ணும் ஆவாதா?” என்று மகளிடம் கேட்டான்.

“ஒண்ணும் ஆகாது. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். நீங்க பிடிச்சாதான் தப்பிக்கலாம்.”

“அப்ப இதான்,” என்றான். “இதுல பழகிட்டன்னா இந்தக் கை தொறக்காது.”

எனக்கு அது சரியான யோசனையாகத்தான் பட்டது. தமிழினிக்கும் பட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது, கையைச் சரிசெய்யவில்லை. ஜெயஸ்ரீ மட்டும் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “ஏன் ஜமாலண்ணா, இது மேல ஏறுது, சரி. ட்ரெயின் ஏறாதே?”

“அம்மா தாயே, நீ கீரையப் பாரு,” என்றேன்.

அதற்கப்புறம் தினமும் பிளேன்தான். காலையில் குளித்து, விபூதி பூசி, டியூட்டிக்குப் போகிற மாதிரி சட்டையை டக்-இன் செய்துகொண்டு உட்காருவான். தமிழினி ஆபீஸ் வேலையை அடுத்த மேஜையில் வைத்துக்கொண்டு நடுநடுவே சொல்லிக்கொடுப்பாள். இறக்கையைச் சாய்த்துத் திரும்புவது, வேகம் செத்துப்போனால் மூக்கைத் தாழ்த்துவது, எதிரி பின்னால் வந்தால் சுழன்று ஒதுங்குவது. ஒதுங்குவது அவனுக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? வேறு எதுவும் கேட்க மாட்டான். குண்டு போடச் சொன்னால் போட மாட்டான். “திருப்பறத மட்டும் சொல்லிக்குடு,” என்பான். மலைக்கு நேராகப் போய்க் கடைசியில் திருப்புவான். கட்டிடத்துக்கு நேராகப் போய்த் திருப்புவான். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒதுங்கிப் போகிறான்.

ஆனால் சத்தம் கேட்டால் கை திறந்துவிடும். ஒரு நாள் இறங்கும் நேரத்தில் சக்கரத்தை இறக்கச் சொல்லி, “கியரை விடுங்கப்பா,” என்று தமிழினி கத்தியிருக்கிறாள். விடு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எல்லாவற்றையும் விட்டுவிட்டான். விமானம் ஓடுபாதைக்குப் பக்கத்து வயலில் போய்ச் சொருகிக்கொண்டது. அன்று முதல் அந்த வீட்டில் யாரும் விடு என்று சொல்லக் கூடாது என்று சட்டம். ஜெயஸ்ரீ தோசைக்கு எண்ணெய் விடச் சொல்வதற்குக்கூட யோசித்துப் பேசினாள்.

நாலாவது வாரம் அவன் மகளிடம் ஒன்று கேட்டான். “இந்த ரன்வேல ஒரு ஆள நிக்க வைக்க முடியுமா?”

தமிழினி என்னைப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம். “ஏன்டா, மூள கலங்கிப்போச்சா? அந்தக் கண்றாவிய வூட்டுக்குள்ள வேற கொண்டாரணுமா?”

“எங்க போனாலும் அது நிக்கத்தான் போவுது பாய். இங்கயே நிக்கட்டும்.”

முடியுமாம். ஆட்களை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாமாம். ஆனால் அதில் இருப்பவர்கள் எல்லாம் ஹெல்மெட் போட்ட சிப்பாய்கள்தான். டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிற பெண்ணை எந்தப் போர் விமானக்காரன் செய்து வைத்திருக்கப்போகிறான்? ஒரு சிப்பாயை எடுத்து ஓடுபாதையின் நடுவில் நிறுத்தினாள். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

தினகரன் இறங்கி வருவான். சக்கரம் தரையைத் தொடும். சிப்பாய் கிட்டத்தில் வருவான். கை திறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. மறுபடி கை திறந்துவிடும். தமிழினி பக்கத்தில் நின்று, “விடாதீங்கப்பா, இடது கை முன்னால தள்ளுங்க, வலது கை இழுங்க, விடாதீங்க, விடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் குரல் பால்கனி வரை கேட்கும். ஒரு நாளில் முப்பது தடவை, நாற்பது தடவை. சில நாள் சட்டை முழுக்க நனைந்துபோய் எழுந்து வருவான். ஜெயஸ்ரீ மோரைக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். எங்களில் யாராலும் அந்த நாற்காலிக்குள் இறங்கி அவனுக்குப் பதிலாக ஒரு விரலைக்கூட மடக்க முடியவில்லை.

ஆறாவது வாரம், புதன்கிழமை, நான் டியூட்டி முடித்து நேராகப் போயிருந்தேன். சிப்பாய் கிட்டத்தில் வந்தான். தினகரனின் இடது கை முன்னால் போனது. வலது கை நெஞ்சுக்கு இழுத்தது. விமானம் எழும்பி சிப்பாயின் தலைக்கு மேலாகப் போய்விட்டது. தமிழினி காட்சியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினாள். சிப்பாய் நின்ற இடத்திலேயே முழுசாக நின்றுகொண்டிருந்தான்.

“போயிட்டேன்,” என்றான் தினகரன். “ஒண்ணும் ஆவல. பாய், பாத்தியா? நின்னுகினு கீறான் பாரு.”

அப்புறம் அழுதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். ஜெயஸ்ரீ சேமியா பாயசம் வைத்தாள். அந்த வாரத்தில் இன்னும் நூறு தடவை தாண்டினான். தூக்கத்தில்கூட இடது கை முன்னால் போய் வருகிறது என்று ஜெயஸ்ரீ சொன்னாள். நல்லதுதானே என்றேன்.

மெடிக்கலில் தேறிவிட்டான். திரும்பி வந்த முதல் நாள் தாம்பரத்திலிருந்து நான் ரெண்டு மணி அடித்தபோது பதில் மணி உடனே வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டியவர்கள் தாண்டினார்கள், வேலி ஓரத்தில் நின்றவர்கள் நின்றார்கள், வண்டி ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. பத்து நாள் அப்படிப் போனது. நான் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். டாக்டரால் ஆகாததை முடிச்சூர் பெண் ஒருத்தி ஒரு குச்சியை வைத்துச் சரிபண்ணிவிட்டாள் என்று எங்கள் ஸ்டேஷன் லாபியில் எல்லாக் காதிலும் போட்டேன்.

பதினோராவது நாள் காலையில் ஹார்ன் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் ஹார்ன் எவ்வளவு நீளம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இது ஆள் நிற்கிற ஹார்ன். கடைசிப் பெட்டியில் இருக்கிறவனுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. தாண்டிப் போனதுதான் கண்ணில் படும். கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுக்கலுக்காகக் காத்திருந்தேன்.

குலுக்கல் வரவில்லை. ஹார்ன் நிற்காமல் அலறிக்கொண்டே இருந்தது. வண்டி வேகம் குறைவதற்குப் பதிலாக என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு வேகம் பிடித்தது. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆகியிருந்தால் கை தளர்ந்து நின்றிருக்குமே என்றும் தோன்றியது. அதற்குள் என் கை என் பெட்டியில் இருக்கிற எமர்ஜென்சி பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டது.

வண்டி தேய்த்துக்கொண்டு போய் நின்றது. நான் நிற்கிற கதவுக்கு எதிரே, ஜல்லி மேல், இருபது வயதுப் பையன் ஒருவன் காதில் இயர்போனோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்து லைன் வண்டிக்காக நின்றவன், அது போனதும் தன் பாட்டுக்கு ஒதுங்கியிருக்கிறான். ஹார்ன் அவன் காதில் ஏறவே இல்லை. என்னைப் பார்த்து, “இன்னா சார், சிக்னலா?” என்று கேட்டான்.

நான் அவனை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பது வேண்டாம். இண்டர்காமை எடுத்தேன்.

“தினா. தினா! இருக்கியாடா?”

அவன் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஆளுக்கு ஒண்ணும் ஆவல. என் எதுர்லதான் நிக்கிறான், நல்லா கல்லு மாதிரி. கேக்குதா?”

“கை தொறக்கல பாய்,” என்றான். “தூக்கினேன். நல்லாத்தான் தூக்கினேன். வண்டி ஏறல.”

நான் ரெண்டு மணி அடித்தேன். பெட்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு மணி வந்தது. இடைவெளி விட்டு இன்னொன்று வந்தது. நடைவேகத்தில் தாம்பரம் வந்து சேர்ந்தோம்.

பிளாட்பாரத்தின் கோடியில் அவனை மடக்கினேன். “நான் எழுதிக்கிறேன் மச்சான். என் கைதான் பட்டுடுச்சு, தெரியாம பிரேக்க இழுத்துட்டேன்னு எழுதிக்கிறேன். யாருக்கும் எதுவும் ஆவல. நீ பேசாத. விடு.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

“அந்தம்மாவுக்கு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு பாய். கைய விட்டேன். நேரத்துக்கு விட்டேன். அதான் என்னால முடிஞ்சது. இப்ப அதுவும் போச்சு.” இடது கையை என் முகத்துக்கு நேரே காட்டினான். அது இன்னும் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தது. “அந்தப் பையன் ஒதுங்கலன்னா நான் பவர் குடுத்துக்கினே அவன் மேல ஏறியிருப்பேன். எழுதாத. நானே போய்ச் சொல்றேன்.”

அவனே போய்ச் சொன்னான். என்ன நடந்தது என்று அதிகாரிக்குப் புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆனதாம். சிமுலேட்டர் என்றால் அவர் ரயில்வே பயிற்சிக் கூடத்தில் இருப்பதைத்தான் நினைத்திருக்கிறார். பிளேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

தமிழினியிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. விடாதீங்க விடாதீங்க என்று ஆறு வாரம் தொண்டை கிழியச் சொன்னவள் அவள். “நான்தானே அங்கிள் சொல்லிக்குடுத்தேன்?” என்று ஒரு தடவை கேட்டாள். இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் அதை நம்பவில்லை, நானும் நம்பிச் சொல்லவில்லை. ஜெயஸ்ரீ அடுக்களையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தாள். ட்ரெயின் ஏறாதே என்று அன்றைக்கே கேட்டவள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. டீ போடட்டுமா அண்ணா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நானும் தமிழினியும் சேர்ந்து, நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோம்.

இப்போது தினகரன் லாபியில் இருக்கிறான். டியூட்டிக்கு வருகிற மோட்டார்மேன்கள் கையெழுத்துப் போடுகிற இடம். குடித்திருக்கிறார்களா என்று பார்க்க மெஷினில் ஊதச் சொல்லி, நேரம் குறித்து, வாக்கிடாக்கியை எடுத்துக் கொடுக்கிற வேலை. எல்லோரையும் ஒருமுறை கையைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறான் என்று கேலி பேசுகிறார்கள். வீட்டில் அந்த நாற்காலியில் அவன் அப்புறம் உட்காரவில்லை. “ரன்வேல நிக்கிற ஆள எடுத்துடும்மா,” என்று மட்டும் மகளிடம் ஒரு நாள் சொன்னானாம். எடுத்துவிட்டாளாம்.

போன திங்கட்கிழமை காலை என் வண்டி தாம்பரத்திலிருந்து கிளம்ப நின்றது. தினகரன் டீ குடிக்க வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் ரெண்டு மணி அடித்தேன். முன்னாலிருந்து யாரோ ஒரு புதுப் பையன் ரெண்டு அடித்தான். வண்டி நகர்ந்தது. என் பெட்டி அவனைக் கடக்கும்போது தினகரன் எனக்குக் கை காட்டினான். இடது கை. ஐந்து விரலும் நன்றாக, அகலமாக, விரிந்திருந்தன. விடுவதற்கு இப்போது அதில் எதுவும் இல்லை. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பதிலுக்குக் கையசைக்காமல் உள்ளே திரும்பிக்கொண்டேன்.